பட்டியல் ஏற்றும்போது வரும் சிக்கல்கள்: அறிகுறி வாரியாக

சந்தாப் பட்டியல், சரக்குப் பட்டியல், மாணவர் பட்டியல் என்று எது வந்தாலும் அதைச் சிஎஸ்வி கோப்பாக (கமாவால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) வாங்கித் தரவுத்தளத்தில் ஏற்றுவதற்குப் பைத்தான் நிரல்மொழியில் ஒரு சின்ன நூலகம் (மற்ற நிரல்களும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) எழுதி வைத்திருக்கிறேன். முந்நூறு வரிகூட இருக்காது. பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மூன்றே வேலை. கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிக்கும். ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கும். நல்லதை ஏற்றிவிட்டு, கெட்டதைக் காரணத்தோடு ‘ஒதுக்கல்’ என்ற தனிக் கோப்பில் எழுதி வைக்கும். உங்களிடமும் இதே மாதிரி ஒன்று இருக்கும். எழுதியவர் வேறாக இருந்தாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் ஒன்றுதான்.

வேலை முடிந்ததும் நான்கு எண்கள் வரும்: படித்தவை, ஏறியவை, ஒதுக்கியவை, ஏற்கெனவே இருந்ததால் விட்டவை. பின்னால் இருக்கும் மூன்றையும் கூட்டினால் முதல் எண் வரவேண்டும். ராத்திரி கடையைச் சாத்துமுன் கல்லாவை எண்ணுகிற மாதிரி இதை ஒவ்வொரு தடவையும் பாருங்கள். சிவப்பு எழுத்தில் கத்துகிற பிழைக்கு நான் பயப்படுவதில்லை. சத்தமே போடாமல் கணக்கில் இடிக்கிற பிழைதான் நம்மைக் கெடுக்கும்.

தொடங்கும்முன் ஒரு எச்சரிக்கை. என்ன கோளாறு என்று பார்க்க மூலக் கோப்பை எக்செல்லில் திறக்காதீர்கள். திறந்து, பழக்க தோஷத்தில் சேமித்தும் விட்டால், பார்க்க வந்த தடயமே அழிந்துவிடும். ஒரு நகல் எடுத்து நோட்பேட் மாதிரி வெறும் உரை காட்டும் செயலியில் பாருங்கள்.

தலைப்பு கண்ணுக்குத் தெரிகிறது, ‘கீ எரர்’ வருகிறது

முதல் நெடுவரிசையின் தலைப்பு ‘எண்’. கோப்பில் பளிச்சென்று தெரிகிறது. நிரலோ அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்கிறது. இரண்டாவது, மூன்றாவது நெடுவரிசைகளில் தகராறு இல்லை.

முதலாவதில் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிஓஎம். எக்செல்லில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமித்தால் கோப்பின் தலைமாட்டில் மூன்று பைட்டுகளை வைக்கும்: ஈஎஃப், பிபி, பிஎஃப். இது யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் ஒரு குறிமுறை) கோப்பு என்று அடையாளம் சொல்வதற்கு. திரையில் தெரியாது. ‘யூடிஎஃப்-8’ என்று சொல்லித் திறந்தால் பைத்தான் அதையும் ஓர் எழுத்தாக எடுத்து முதல் தலைப்போடு ஒட்டிவிடும். அதனால் உங்கள் தலைப்பு ‘எண்’ அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் ‘எண்’ணும். கோப்பைத் திறக்கும்போது குறிமுறையை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் போதும். பிஓஎம் இருந்தால் கழற்றிவிடும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். நூலகத்தில் இதையே இயல்பு அமைப்பாக வைத்திருக்கிறேன்.

வேறு நெடுவரிசையில் இதே பிழை வந்தால், தலைப்புகளை, மறைந்திருப்பதையும் காட்டும் ‘ரெப்ர்’ போட்டு அச்சிடுங்கள். பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். ‘ஸ்ட்ரிப்’ அதை நீக்கும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது வருகிற பிரியா இடைவெளியையும் நீக்கும். ஆனால் அகலமே இல்லாத இடைவெளி என்று ஒன்று இருக்கிறது, யூனிகோடில் 200பி. அதை ‘ஸ்ட்ரிப்’ தொடாது. அதற்குத் தனியாக ஒரு வரி எழுதத்தான் வேண்டும்.

தலைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே நீளத் தலைப்பாக வந்தால் பிரிப்பான் கமா அல்ல, அரைப்புள்ளியோ டேபோ. எக்செல் எந்தப் பிரிப்பானைப் போடும் என்பது கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள், ஆகவே அங்கே சிஎஸ்வியில் அரைப்புள்ளி வரும். பைத்தானில் ‘ஸ்னிஃபர்’ என்று மோப்பம் பிடிக்கும் கருவி ஒன்று உண்டு. எனக்கு அதன் மூக்கில் நம்பிக்கை இல்லை. முதல் வரியில் எந்தக் குறி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்கிறேன்.

தமிழ் எழுத்து தமிழாக வரவில்லை

இதற்குக் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். நம் பட்டியல்களில் பாதித் தலைவலி இங்கேதான். எந்த மாதிரி கெட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

படிக்கும்போதே நின்று, ‘சார்மேப்’ குறிமுறையால் 0எக்ஸ்8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று சொன்னால், விண்டோஸில் குறிமுறை எதுவும் கொடுக்காமல் கோப்பைத் திறந்திருக்கிறீர்கள். பைத்தான் கணினியின் பழைய குறிமுறையை எடுத்துக்கொண்டது. நம்மூரில் அது பெரும்பாலும் 1252 என்ற மேலைநாட்டு எழுத்து அட்டவணை. அது ஏன் அடிக்கடி 8டி-யிலேயே விழுகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். தமிழ்ப் புள்ளி யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகள்: ஈ0, ஏஎஃப், 8டி. 1252 அட்டவணையில் 8டி இருக்க வேண்டிய கட்டம் காலி. ‘மாலா’ என்ற பெயரைத் தாண்டி வந்துவிடும். ‘ராமன்’ வந்ததும் ‘ன்’ மேலிருக்கும் புள்ளியில் தடுக்கி விழும். ‘மாலா’ மாதிரி நாலு பெயரை வைத்துச் சோதித்துவிட்டு ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்று சொன்னவன் நான்தான்.

இந்தப் பிழையைப் பார்த்ததும் அலுப்பில் பலர் செய்வது, குறிமுறையை ‘லேட்டின்-1’ என்று மாற்றுவது. பிழை நின்றுவிடும். லேட்டின்-1 எந்தப் பைட்டையும் வேண்டாம் என்று சொல்லாது. ஆனால் உள்ளே போனது தமிழ் அல்ல. தலையில் சாய்கோடு போட்ட ஏ எழுத்து, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் முத்திரை, திரும்பத் திரும்ப அதே ஜோடி. ஏறக்குறைய எல்லாத் தமிழ் எழுத்தும் ஈ0-ஏஇ அல்லது ஈ0-ஏஎஃப் என்றுதான் தொடங்கும், அதனால்தான் இந்த ஜோடி. இப்படி ஏறிவிட்டதை மீட்கலாம்: அந்தச் சரத்தை லேட்டின்-1இல் பைட்டுகளாக்கி, யூடிஎஃப்-8இல் மறுபடி படித்தால் தமிழ் திரும்பிவிடும். நடுவில் யாரும் கைவைக்காமல் இருந்தால் மட்டும்.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் இருந்தால் மீட்க வழியில்லை. அனுப்பியவர் எக்செல்லில் ‘யூடிஎஃப்-8’ என்று எழுதாத சாதாரண சிஎஸ்வியைத் தேர்ந்தெடுத்திருப்பார். சேமித்த அந்த நொடியிலேயே தமிழ் போய்விட்டது. மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கேள்விக்குறிகள் மட்டுமே இருக்கும் பெயரை நூலகம் ஒதுக்கலுக்கு அனுப்பிவிடும்.

முதல் பைட்டிலேயே, 0எக்ஸ்எஃப்எஃப் செல்லாது என்று வந்தால் அது யூடிஎஃப்-16. எக்செல்லில் ‘யூனிகோடு டெக்ஸ்ட்’ என்று சேமித்தது. குறிமுறையை ‘யூடிஎஃப்-16’ என்றும் பிரிப்பானை டேப் என்றும் கொடுத்தால் சரியாகிவிடும்.

இன்னொரு வகை உண்டு. ஆங்கில எழுத்துகள்தான், ஆனால் யாரோ கடவுச்சொல் அடித்த மாதிரி இருக்கும். ‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்தால் அது பாமினி எழுத்துரு. ஆண்டுக்கணக்காக ஒரே கணினியில் தட்டச்சு செய்து வரும் பட்டியல்களில் இன்னும் இது கிடைக்கிறது. குறிமுறையை மாற்றிப் பயனில்லை, கணினியைப் பொறுத்தவரை அவை ஆங்கில எழுத்துகளேதான். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஏற்ற முடியும். டிஸ்கி, டாப், டாம் என்று வேறு குறியாக்கங்களும் இருந்தன. எந்த எழுத்துருவில் அடித்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் குறுக்குவழி.

பெயர் இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

பட்டியலில் ‘கோமதி’. தரவுத்தளத்திலும் ‘கோமதி’. இரண்டும் ஒன்றல்ல என்று நிரல் சொல்கிறது. ஒரே ஆள் இரண்டு தடவை ஏறிவிடுகிறார்.

‘கோ’ என்று மட்டும் எடுத்து நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றில் 2 வரும், மற்றதில் 3. முதலாவதில் ககரமும் ஓகாரக் குறியும். இரண்டாவதில் ககரம், இரட்டைக் கொம்பு, கால் என்று தனித்தனியாக மூன்று. சில தட்டச்சுக் கருவிகள் பழைய தட்டச்சுப் பொறி வழக்கப்படி இப்படிப் பிரித்துப் போடும். ஒகரத்திலும் ஔகாரத்திலும் இதே கதை. திரையில் மயிரிழை வித்தியாசம்கூட இருக்காது. ‘யூனிகோடு டேட்டா’ மாட்யூலில் உள்ள ‘நார்மலைஸ்’ செயல்பாட்டில் ‘என்எஃப்சி’ என்று கொடுத்தால் பிரிந்திருப்பதை ஒட்டிவிடும். படிக்கும்போதே எல்லாப் புலத்துக்கும் இதைச் செய்துவிடுங்கள். ஏற்கெனவே தரவுத்தளத்தில் இருப்பவற்றையும் ஒருமுறை இப்படிச் சலித்து எடுங்கள், இல்லாவிட்டால் பாதிதான் சரியாகும்.

இதற்கும் பிடிபடாதது ‘கௌரி’. பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பு போட்டு, ககரம் அடித்து, ளகரத்தை அடித்து விடுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுதான். யூனிகோடைப் பொறுத்தவரை அது ‘கெ’யும் ‘ள’வும், ஆகவே என்எஃப்சி தொடாது. தானாகவே திருத்திவிடலாமே என்று ஒரு பதிப்பில் எழுதிப் பார்த்தேன். மீன் கடைச் சரக்குப் பட்டியல் ஒன்றில் கெளுத்தி மீன் வந்தது. ககரத்தின் மேல் ஔகாரமும் உகரமும் ஒன்றாக ஏறி, எழுத்தே உடைந்துபோய் நின்றது. இப்போது ஆள் பெயர் நெடுவரிசையில் மட்டும் ‘இதைக் கொஞ்சம் பாருங்கள்’ என்று எச்சரிக்கை போடுகிறது. திருத்துவது மனிதர் வேலை.

படித்தவை குறைகின்றன, ஆனால் கணக்கு டேலி ஆகிறது

அனுப்பியவர் 2,400 பேர் என்கிறார். படித்தவை 1,100. ஏறியவை 1,099, ஒதுக்கியவை 1. கூட்டினால் சரியாக வருகிறது! படிக்கும்போதே தொலைந்ததை அந்தக் கூட்டல் காட்டாது. அதனால்தான் அனுப்பியவரிடம் ‘மொத்தம் எத்தனை?’ என்று முதலிலேயே கேட்டு, அந்த எண்ணை நூலகத்துக்குக் கொடுக்கச் சொல்கிறேன். இது ஐந்தாவது எண்.

காரணம் அநேகமாக மூடாத இரட்டை மேற்கோள். ஒரு புலம் மேற்கோளில் தொடங்கினால், மூடும் மேற்கோள் வரும்வரை கமாவும் வரி முடிவும் உள்ளடக்கமாகவே எடுக்கப்படும். யாரோ முகவரியில் "பெரிய வீடு, வடக்குத் தெரு என்று தொடங்கி மூட மறந்துவிட்டால், மீதி ஆயிரம் பேரும் அந்த ஒருவரின் முகவரிக்குள் குடியேறிவிடுவார்கள். கோப்பு பெரிதாக இருந்தால், ‘ஃபீல்ட் லார்ஜர் தேன் ஃபீல்ட் லிமிட், 131072’ என்று பிழை வரும். ஒரு புலத்தில் இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது என்று சிஎஸ்வி மாட்யூல் வைத்திருக்கும் வரம்பு அது. இணையத்தில் தேடினால் வரம்பைக் கூட்டச் சொல்லிப் பதில் கிடைக்கும். கூட்டாதீர்கள். ஆள் பட்டியலில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல் எழுத்து உள்ள முகவரி யாருக்கும் இருக்காது. நான் அந்த வரம்பை 2,000 ஆகக் குறைத்து வைத்திருக்கிறேன், திருடன் சீக்கிரம் மாட்டட்டும் என்று.

மேற்கோள் புலத்தின் நடுவில் இருந்தால் ஆபத்தில்லை. ‘4" பைப்’ என்பது அப்படியே வரும். தொடக்கத்தில் இருப்பதுதான் வில்லங்கம். சிஎஸ்வி மாட்யூலின் வாசிப்பானுக்கு ‘ஸ்ட்ரிக்ட்’ கொடுத்துவிட்டால் மூடாமல் முடிந்த கோப்புக்குப் பிழை எழுப்பும். அதைக் கொடுக்காவிட்டால் கோப்பு முடிந்ததும் கிடைத்ததைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும்.

பிழைச் செய்தியில் வரும் வரி எண்ணும் எக்செல் காட்டும் வரிசை எண்ணும் ஒத்துப்போகாது. முகவரிக் கட்டத்தில் ஆல்ட்-என்டர் தட்டி இரண்டு வரியாக எழுதியிருந்தால், வாசிப்பான் அதை இரண்டு வரியாக எண்ணும். எக்செல்லுக்கு அது ஒரே வரிசை. அதனால் ஒதுக்கல் கோப்பில் இரண்டு எண்ணையும் எழுதுகிறேன். இதோடு சேர்ந்தது, கோப்பைத் திறக்கும்போது ‘நியூலைன்’ என்பதற்கு வெற்றுச் சரம் கொடுப்பது. கொடுக்காவிட்டால் கட்டத்துக்குள் இருக்கும் வரிமுறிவு மாறிப்போகும். விண்டோஸில் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு காலி வரியும் வரும்.

குறைவு மூலக் கோப்பிலேயே இருக்கவும் கூடும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான். அதற்கு மேல் இடமில்லை. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறைக் கணக்கில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் விடுபட்டது இந்த வடிவத்தால்தான். அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தள்ளிப்போனது. இப்போதைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் 10,48,576 வரிசை வரை போகும். வந்த எண்ணிக்கை 65,535 என்றோ 65,536 என்றோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பின்கோடு இடத்தில் தெருப் பெயர்

முகவரியில் கமா இருந்து, மேற்கோள் இல்லாமல் வந்திருக்கிறது. அந்த வரியில் அந்தக் கமாவுக்குப் பின்னால் எல்லாம் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளிப் போயிருக்கும். ஒவ்வொரு வரியையும் தலைப்பு வாரியாகத் தரும் ‘டிக்ட்ரீடர்’ இதற்குப் பிழை எழுப்பாது. மிஞ்சியதை ‘நன்’ (பைத்தானில் ‘ஒன்றுமில்லை’) என்ற சாவியின் கீழ் மூட்டை கட்டி வைக்கும். குறைந்தால் இல்லாத கட்டங்களில் ‘நன்’ போட்டு நிரப்பும். ஆகவே ஒவ்வொரு வரியிலும் ‘நன்’ சாவி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வரியை ஒதுக்குங்கள், ஊகித்து ஒட்டவேண்டாம். எந்தக் கமா அதிகம் என்று நிரலுக்கு எப்படித் தெரியும்?

எண்கள் கெட்டு வருகின்றன

இதில் நிரலின் குற்றம் குறைவு, எக்செல்லின் கைவேலை அதிகம். 91 சேர்த்த கைபேசி எண்ணுக்கு 12 இலக்கம். பொது வடிவத்தில் உள்ள கட்டத்தில் எக்செல் அதை 9.19877ஈ+11 என்று காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது காட்டுவதைத்தான் எழுதும். மீதி இலக்கங்கள் போயே போச்சு. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும். 0-வில் தொடங்கும் எண்ணில் தலைச் சுழியம் காணாமல் போகும். எக்செல்லில் அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிய பிறகு தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். கெட்டுப்போன பிறகு மாற்றிப் பயனில்லை. நூலகத்தின் பக்கத்தில் ‘ஈ+’ உள்ள எண் வந்தால் ஒதுக்கல்தான். ‘ஃப்ளோட்’டாக (தசம எண்ணாக) மாற்றினால் அது சமத்தாக மாறிவிடும். அதனால்தான் கைபேசி எண்ணை எண்ணாகவே நடத்தக்கூடாது, சரமாகவே வைத்திருக்க வேண்டும்.

கதவு எண்ணும் மாட்டும். சென்னை முகவரிகளில் புதிய எண், பழைய எண் இரண்டையும் சேர்த்து 5/12 என்று எழுதுவது வழக்கம். எக்செல் அதை டிசம்பர் 5 ஆக்கிவிடும். நமக்கு மட்டும் நடக்கிற கொடுமை இல்லை இது. மனித மரபணுக்களில் ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்று சிலவற்றுக்குப் பெயர் இருந்தது. எக்செல் அவற்றைத் தேதியாக்கி ஆராய்ச்சிக் கோப்புகளைக் கெடுத்துக்கொண்டே இருந்ததால், 2020இல் பெயர் சூட்டும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. கதவு எண்ணை மாற்றச் சொல்லி நாம் யாரிடம் போவது! முகவரிக் கட்டத்தில் மாதப் பெயர் வந்தால் எச்சரிக்கும் சோதனை ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்.

தொகையில் ‘1,25,000’ என்று வந்தால், முழு எண்ணாக்கும் ‘இன்ட்’ வேல்யூ எரர் (மதிப்புப் பிழை) கொடுக்கும். கமாவை நீக்கிவிட்டு மாற்றுங்கள். ரூபாய்க் குறியும் ‘/-’ ஒட்டும் இருந்தால் அவற்றையும். ஒரு வேடிக்கை: ‘௧௨’ என்று தமிழ் இலக்கத்தில் கொடுத்தால் ‘இன்ட்’ 12 என்று சரியாகவே சொல்லும். ஆனால் பத்தைக் குறிக்கும் ‘௰’ கொடுத்தால் விழுந்துவிடும். அது இட மதிப்பு இலக்கம் அல்லவே.

தேதி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 03/04/2024 ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்று நிரல் ஊகிக்கக்கூடாது. வடிவத்தை நீங்களே கொடுங்கள். பொருந்தாதது ஒதுக்கலுக்குப் போகட்டும். தேதி நெடுவரிசையில் 45292 மாதிரி எண் வந்தால் அது எக்செல்லின் நாள் எண், அதாவது 2024 ஜனவரி 1. மாற்றும்போது 1899 டிசம்பர் 30லிருந்து நாட்களைக் கூட்டுங்கள். அந்த விநோதத் தொடக்க நாளுக்குக் காரணம், எக்செல் 1900ஐ லீப் ஆண்டாக எண்ணுவது. லோட்டஸ் 1-2-3 காலத்துப் பிழை, ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே விட்டுவைத்தது.

பிழையே இல்லை, ஒரு வரிகூட ஏறவில்லை

முதலில் ‘கமிட்’ (ஏற்றியதை நிரந்தரமாக்கும் கட்டளை) இருக்கிறதா பாருங்கள். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் இது இல்லாமல் இணைப்பை மூடினால் ஏற்றியது எல்லாம் காற்றோடு போகும்.

இருக்கிறது என்றால், வாசிப்பானை இரண்டு தடவை சுற்றியிருக்கிறீர்களா? முதல் சுற்றில் சரிபார்ப்பு, இரண்டாம் சுற்றில் ஏற்றம் என்று எழுதுவது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. ஆனால் வாசிப்பான் ஒருவழிப் பாதை. முதல் சுற்றில் கோப்பின் கடைசிக்குப் போய்விடும். இரண்டாம் சுற்றில் படிக்க ஒன்றும் இல்லை, பிழையும் இல்லை. கோப்பை மறுபடி திறங்கள், அல்லது ஒரே சுற்றில் இரண்டையும் செய்யுங்கள்.

மூன்றாவது, எங்கோ ஓர் ‘எக்செப்ட்’டும் அதற்குள் ‘பாஸ்’ஸும் பதுங்கியிருக்கும், பிழையைப் பிடித்துச் சத்தமில்லாமல் விட்டுவிடும் ஜோடி. அதைக் கண்டால் உடனே எடுத்துவிடுங்கள். வேல்யூ எரர் மாதிரி நீங்கள் எதிர்பார்க்கும் பிழையை மட்டும் பிடியுங்கள். நெடுவரிசைப் பெயரைத் தப்பாக எழுதியதால் வரும் பிழை எல்லா வரிக்கும் வரும், அது வரியின் குற்றம் அல்ல. முதல் 50 வரியும் ஒதுக்கலுக்குப் போனால் நூலகம் வேலையை நிறுத்திவிடும்.

முதல் கெட்ட வரியிலேயே நின்றுவிடுகிறது

பிழையைப் பிடிக்கும் ‘ட்ரை’ சுற்றுக்கு வெளியே இருக்கிறது, உள்ளே கொண்டுவாருங்கள். உள்ளே இருந்தும் நிற்கிறது என்றால், சரிபார்ப்பை ஜெனரேட்டராக (கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் செயல்பாடு) எழுதியிருப்பீர்கள். ஜெனரேட்டருக்குள்ளிருந்து பிழை ஒன்று வெளியே வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது, அடுத்த வரியைக் கேட்டாலும் தராது. பிழையை வீசாமல், வரியோடு சேர்த்து ஒரு விளைவாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பாதி ஏறி நின்றது, மறுபடி ஓட்டினால் இரட்டிப்பாகிறது

இது நிரலாளர் முடிவு செய்யவேண்டிய விஷயம், நூலகம் ஊகிக்க முடியாது. எல்லாமோ ஒன்றுமில்லையோ என்பது ஒரு வழி. மொத்தத்தையும் ஒரே பரிவர்த்தனையில் போட்டு, ஒரு கெட்ட வரி வந்தாலும் திருப்பிவிடுவது. சம்பளப் பட்டியலுக்கும் வரவு செலவுக்கும் இதுதான் சரி. நல்லதை ஏற்றிக் கெட்டதை ஒதுக்குவது இன்னொரு வழி. சந்தாதாரர் பட்டியலுக்கு இது போதும், 3 பேருக்காக 2,397 பேர் காத்திருக்கவேண்டாம்.

இரண்டாவது வழியில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வைத்திருந்தால் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு வரி விழுந்ததும், அதற்குப் பின் வரும் நல்ல வரிகளும் ‘நடப்புப் பரிவர்த்தனை கைவிடப்பட்டது’ என்ற பொருளில் ஒரே பிழையைச் சொல்லி விழும். நூற்றுக்கணக்கில் ஒதுக்கல் வந்து நிற்கும். அதில் முதலாவது மட்டுமே உண்மையான பிழை. ஒவ்வொரு வரிக்கும் முன் ஒரு ‘சேவ்பாயின்ட்’ வைத்து, விழுந்தால் அதுவரை மட்டும் திரும்புங்கள். ஒவ்வொரு வரிக்கும் ‘கமிட்’ போட்டும் தப்பிக்கலாம். ஆனால் மறுபடி ஓட்டும் கஷ்டம் அங்கேதான் பிறக்கிறது. அதோடு எஸ்க்யூலைட்டில் அப்படிச் செய்தால் ஆமை வேகம்தான், ஒவ்வொரு கமிட்டுக்கும் வட்டில் எழுதி முடிகிறவரை காத்திருக்கும்.

இரட்டிப்பைத் தடுக்க ஒரு தனித்துவச் சாவி (இருவருக்கு ஒன்றாக வராத அடையாளம்) வேண்டும். சாவி மோதினால் என்ன செய்வது என்று சொல்லும் ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’ போஸ்ட்கிரெஸில் 9.5 பதிப்பிலிருந்தும், எஸ்க்யூலைட்டில் 3.24இலிருந்தும் இருக்கிறது. இருப்பதை விடவும் புதுப்பிக்கவும் அதுவே செய்யும். சாவியாக எதை வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். நான் முதலில் கைபேசி எண்ணை வைத்தேன். ஒரு மாணவர் பட்டியலில் அண்ணன், தங்கை இருவருக்கும் அப்பாவின் எண்ணே இருந்தது. தங்கை ஏறியதும் அண்ணன் மாயமானான். நான்கு எண்களும் டேலி ஆயின, அவன் ‘விட்டவை’யில் இருந்தான். இப்போது அனுப்புகிறவர் கொடுக்கும் வரிசை எண்ணோ சேர்க்கை எண்ணோ இல்லாமல் ஏற்றுவதில்லை.

திருத்திய ஒதுக்கல் மறுபடி ஒதுக்கப்படுகிறது

ஒதுக்கல் கோப்பை அலுவலகத்தில் யாராவது எக்செல்லில் திறந்து, பெயரையோ தேதியையோ திருத்தி, சேமித்து அனுப்புவார்கள். அவர்கள் திருத்திய புலம் சரியாகியிருக்கும். நன்றாக இருந்த கைபேசி எண் ‘ஈ+11’ ஆகியிருக்கும், தமிழ்ப் பெயர் கேள்விக்குறி ஆகியிருக்கும்.

முதலில் ஒதுக்கல் கோப்பையும் ‘யூடிஎஃப்-8-சிக்’ கொண்டே எழுதுங்கள். பிஓஎம் இருந்தால்தான் எக்செல் தமிழைத் தமிழாகத் திறக்கும். படிக்கும்போது தொல்லையாக இருந்த அதே மூன்று பைட்டு இங்கே காப்பாற்றும். காரணம், வரி எண், வரிசை எண் ஆகிய மூன்று நெடுவரிசைகளையும் வலது ஓரத்தில் கடைசியாக வையுங்கள். படிக்கும்போது நூலகம் அவற்றைக் கண்டுகொள்ளாமல் விடவேண்டும், இல்லாவிட்டால் நெடுவரிசை அதிகம் என்று சொல்லி அதையே ஒதுக்கும். எனக்கு அப்படி ஒரு மதியம் முழுக்க ஓடியது. காரணத்தை ஆள் பேசும் மொழியில் எழுதுங்கள்: ‘வேல்யூ எரர்’ என்று போட்டால் தொலைபேசி வரும், ‘பிறந்த தேதி 31/02/2011, பிப்ரவரியில் 31 இல்லை’ என்று போட்டால் வராது.

அதோடு மூல வரியை அப்படியே, தொடாமல், வேறொரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தி வந்த வரியில் எந்தப் புலத்தைத் திருத்தச் சொன்னோமோ அதை மட்டும் எடுத்து, மற்றவற்றை மூல வரியிலிருந்து நிரப்புகிறேன். இரண்டுக்கும் நடுவில் பாலம் சேர்க்கை எண். அதையே எக்செல் கெடுத்திருந்தால், அந்த வரிக்கு மட்டும் தொலைபேசியை எடுக்க வேண்டியதுதான்.